பீலித் தண்ணீரும் வெள்ளைத் தூளும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக் காம்பராவில் தொங்கிய சேலைத் தொட்டில்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி உத்தரத்தோடு கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு சரியாக விழவில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பிரதேச சபைத் தவிசாளர் வந்துவிடுவார். அவர் சிங்களத்தில் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் தமிழில் பேசுவதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அன்று பேசவிருந்த விஷயங்களில் ஒன்று, பொலிஸ் கூட்டில் இருந்த என் தம்பி கனகராஜ்.

கொழுந்துக்கும் ரப்பர் பால் வெட்டுக்கும் போகும் தாய்மார் காலையில் விட்டுப் போகும் கைக்குழந்தைகளைச் சாயங்காலம் வரை அந்தக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. முந்திய வாரங்களில் இந்தப் பத்தியில் அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான் எழுதினேன். இந்த வாரம் பெரியவர்கள் அங்கே வந்து உட்கார்ந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்றுதான் முதலில் எங்கள் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் வீரையா சொன்னார். தவிசாளரையும் கூட வருகிறவர்களையும் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டிவருமே என்று யாரோ கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

தொழிற்சாலை ஆபீசான கந்தோரிலிருந்து நாலைந்து நாற்காலிகள் வந்தன. மற்றவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பால்மா மணமும் மூத்திரத் துணி மணமும் கிருமி மருந்து வாசமும் அந்த அறையை விட்டு எந்தக் காலத்திலும் போகாது. அன்று அதோடு ஈரக் குடைகளின் வாசமும் சேர்ந்திருந்தது.

ஒரு பக்கம் நாங்கள். மறுபக்கம் கீழே உள்ள சிங்களக் கிராமத்து ஆட்கள். நடுவில் நான் நின்றேன்.

தண்ணீர் வந்த வழி

தோட்டத்தின் பெயரையும் பஜாரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அங்கே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். இரத்தினபுரிப் பக்கம், தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பெரிய ரோட்டோரத்தில் பஜார். அதற்குக் கீழே மூங்கில் அடர்ந்த ஒரு பள்ளம். பள்ளத்தில் ஓர் ஓடை. அந்த ஓடையை மறித்து வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய தண்ணீர்த் தாங்கி. தாங்கியிலிருந்து குழாய் வழியாக எங்கள் லயத்து வரிசை வீடுகள் குடம் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் வரும். மிஞ்சிய தண்ணீர் வழிந்து கிராமத்துக்குள் இறங்கும். அங்கே அதைத்தான் குளிக்கவும் குடிக்கவும் எடுத்தார்கள்.

ஆக மேலே இருப்பவன் கை கழுவிய தண்ணீரைத்தான் கீழே இருப்பவன் குடிக்க வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பஜார்க் குப்பையைச் சபையின் டிரக்டர் வண்டி மூங்கில் பள்ளத்து விளிம்பில் கொட்டுவதும் தெரியும். மீன் கடைச் செதிலும் கோழி இறகும் சில நாள் பீலி வரைக்கும் வரும். கையால் விலக்கிவிட்டுக் குடத்தை வைப்போம்.

வீரையா தலைவர் சபைக்குப் போய்ச் சொன்னார். தோட்டம் கம்பெனிக் காணி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லுங்கள் என்றார்கள். துரையிடம் சொன்னார். குப்பை சபையுடையது, சபையிடம் சொல்லுங்கள் என்றார்கள். இப்படி நடந்ததிலேயே அவருடைய ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

சிங்களப் பள்ளிக்கூடம்

எனக்கு எப்படிச் சிங்களம் வந்தது என்று கேட்பார்கள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு தமிழ் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் தூரம் போக வேண்டும். அப்பா என்னைக் கீழே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கே என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் சோமாவதி. ரப்பர் மலைக்குள்ளே நடந்து வீட்டுக்குப் போவோம். அவளுக்கு அட்டையென்றால் உயிரே போய்விடும். நான் சவர்க்காரத் துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்திருப்பேன். அவள் காலில் தேய்த்துவிட்டுத்தான் மலைக்குள் கால் வைப்போம். பருவமடைந்ததும் என் படிப்பு நின்றது. அவளுக்கும் கல்யாணமாயிற்று. பஜாரில் பார்த்தால் நின்று பேசுவோம்.

சண்டை வடக்கில் நடந்தாலும் எங்கள் பக்கத்துக்கும் அதன் சூடு வந்துகொண்டுதான் இருந்தது. கொடகவெலயில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டுக்குப் போகும் நாட்களில் நான் பொட்டை அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். கூட வரும் அம்மாவிடம், இறங்கும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைப்பேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்குவது மாதிரி வருவார்.

கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் அன்று சாயங்காலமே எங்கள் தோட்டத்தில் வானொலிச் சத்தம் குறைந்துவிடும். பஜாருக்குப் போக வேண்டிய ஆம்பிளைகள் போக மாட்டார்கள். சாமான் வாங்கப் பெண்கள் போவோம்.

நெருப்புக்காய்ச்சல்

அந்த வருஷம் மழை பிந்தி வந்தது. முதல் மழையோடு லயத்தில் காய்ச்சல் தொடங்கியது. வழக்கமான காய்ச்சல் என்றுதான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். நாட்கள் போயும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு என்றார்கள்.

பால் வெட்டும் கமலத்தின் மகள் தவமணிக்கு எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது என் தொட்டிலில் கிடந்தவள். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண்ணைத் திறந்து, "அக்கா, எம் மணியைக் கழட்டாதீங்க" என்றாள். காய்ச்சலுக்கு மந்திரித்துக் கட்டிய கழுத்து மணி. மூன்றாம் நாள் உடலாகத்தான் திரும்பி வந்தாள். மணி கழுத்தில்தான் இருந்தது. ரப்பர் மலை ஓரத்தில், மழை நடுவே அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிஸ்பென்சர் ஐயா என் தம்பியைக் கூப்பிட்டார். தாங்கியைக் கழுவுவதும் குழாயில் சருகு அடைத்தால் எடுத்துவிடுவதும் கனகுவின் வேலை. இருபதைத் தாண்டிய வயது. சத்தம் போட்டுச் சிரிப்பான். சிங்கள வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுவிட்டு அதே குரலில் பேசிக் காட்டுவான். ஒரு பையில் குளோரின் தூளைக் கொடுத்து, தினமும் விடியற்காலையில் கரைத்துத் தாங்கியில் ஊற்றச் சொன்னார்கள். நெடி மூக்கில் ஏறும் என்பதால் முகத்தைத் துணியால் கட்டிக்கொள்ளவும் சொன்னார்கள்.

அவனும் அப்படியே செய்தான். லயத்தில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

ஆனால், தூளுக்கு முன்பே குடித்த தண்ணீராலோ என்னவோ, கிராமத்தில் வந்தது. அங்கே நாலைந்து பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அதே வாரத்தில் கொழும்பில் குண்டு வெடித்த செய்தியும் வந்தது. யார் வாயிலிருந்து முதலில் வந்ததோ தெரியாது. தோட்டத்துத் தமிழன் ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு வந்து தண்ணீரில் வெள்ளைத் தூள் கலக்கிறான், பிள்ளைகளைக் கொல்லப் பார்க்கிறான் என்று பஜாரெல்லாம் பேச்சாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. கனகு பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சட்டை போட விடவில்லை. டிஸ்பென்சரியில் கொடுத்த குளோரின் என்று நாங்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா சட்டையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். ரோடு வளைவு வரை ஓடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று முதல் கிராமத்து வழியாக எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. லயத்துக் கூரையில் கல் விழத் தொடங்கியது. கிராம சேவகர் பயந்துபோய், இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசாவிட்டால் ஏதாவது நடந்துவிடும் என்று சபைக்குச் சொன்னார். கூட்டம் வந்தது அப்படித்தான்.

பிள்ளைக் காம்பராவில்

தவிசாளர் வெள்ளை உடுப்பில் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சுகாதாரப் பரிசோதகர். சிங்களத்தில் ஐயாவுக்கு மாத்தயா, அதனால் பி.எச்.ஐ. மாத்தயா என்றுதான் எல்லோரும் சொல்வோம். கண்ணாடி போட்ட இளம் ஆள், வந்து ஒரு வருஷம்கூட இராது. தோட்டத்தின் சார்பில் சின்னத்துரை வந்திருந்தார். டிஸ்பென்சர் ஐயா வரவில்லை. லீவில் போயிருந்தார். அவராகப் போனாரா, யாராவது போகச் சொன்னார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தவிசாளர் மரியாதையாகத்தான் தொடங்கினார். இனம் சாதி பார்க்காமல் எல்லோரும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். லயங்களில் கக்கூஸ் வசதி போதாது, அதனால் ஓடை கெடுகிறது என்றார். பிறகு சொன்னார், "தோட்டம் கம்பெனியின் காணி. பிரதேச சபை அதற்குள்ளே ஒரு சதம்கூடச் செலவழிக்கச் சட்டம் விடாது. நாங்கள் என்ன செய்ய?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். வீரையா தலைவர் எழுந்தார்.

"ஓட்டு கேட்டு வந்தப்ப இந்த லயத்துக்கு உள்ளாறதான வந்தாங்க. அன்னிக்கு அந்தச் சட்டம் எங்க போயிருந்துச்சுன்னு கேளு தாயி."

கேட்டேன். தவிசாளர் சிரித்துக்கொண்டார்.

கிராமத்துப் பக்கத்தில் ஒரு பெரியவர் சோமாவதியின் தோளைத் தொட்டார். அவள் எழுந்து நின்றாள். நான் அதுவரை அவளைக் கவனிக்கவில்லை. மெலிந்துபோயிருந்தாள். தலை சீவவில்லை. என்னைப் பார்க்காமல் தவிசாளரைப் பார்த்துப் பேசினாள்.

"நான்தான் பார்த்தேன். விறகு எடுக்கப் போன இடத்தில். கனகராஜ் முகத்தை மூடிக்கொண்டு தாங்கிக்கு மேலே ஏறினான். வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றினான். ஒரு நாள் இல்லை, இரண்டு மூன்று நாள் பார்த்தேன். அது விஷமா இல்லையா எனக்குத் தெரியாது. என் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பார்த்ததைச் சொன்னேன்."

உட்கார்ந்துவிட்டாள்.

இனி அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். முன் வரிசைப் பெஞ்சில் அம்மா இருந்தார். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. ஆனால் மகன் பெயர் காதில் விழுந்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

எங்கள் பக்கத்தில் இளவட்டங்கள் சிலர் எழுந்தார்கள். அந்தப் பக்கத்திலும் எழுந்தார்கள். கதவோரம் நின்ற இரண்டு பொலிஸ்காரர்கள் உள்ளே ஓர் அடி வைத்தார்கள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது.

அப்போது கமலம் எழுந்தாள். மகள் செத்து முப்பதாம் நாள்கூட ஆகியிருக்கவில்லை. அவள் யாரையும் பார்த்துப் பேசவில்லை. கையில் இருந்த துவாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள செத்துப்போச்சுங்க. அதும் அந்தத் தண்ணிதான் குடிச்சுச்சு. நாங்களே வெசத்தப் போட்டுட்டு நாங்களே குடிப்பமா? அதச் சொல்லு லெச்சுமி. அது மட்டும் போதும்."

நான் சிங்களத்தில் சொன்னேன். மறுபக்கத்தில் எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சோமாவதி முதல் முறையாக என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

"தவமணி. இவங்க மகள். எட்டு வயசு."

"எப்போது?"

"உன் மகளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால். அந்தத் தூளை ஊற்றத் தொடங்குவதற்கும் முன்னால்."

கிராமத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அரை மைல் தூரத்தில், மேலே, ஒரு பிள்ளை செத்து, தப்பு மேளச் சத்தத்தோடு அடக்கம் நடந்திருக்கிறது. சாவுச் சத்தம் கேட்டிருக்கும். யாரென்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லப் போகவில்லை. அந்த அளவுக்கு இருந்தது எங்கள் அயல்.

நான் தவிசாளரிடம் சொன்னேன். "இதுவரைக்கும் மற்றவர்கள் பேசியதைத்தான் சொன்னேன் சேர். இப்போது நான் ஒன்று கேட்க வேண்டும்." அவர் தலையாட்டினாரா என்று பார்க்கவில்லை. பி.எச்.ஐ. மாத்தயாவைப் பார்த்துக் கேட்டேன். "மாத்தயா, அந்த வெள்ளைத் தூள் எங்கள் டிஸ்பென்சரிக்கு எங்கேயிருந்து வந்தது?"

எனக்கு உறுதியாகத் தெரியாது. டிஸ்பென்சரியில் அந்தப் பையில் அச்சிட்டிருந்த சிங்கள எழுத்தைத்தான் பார்த்திருந்தேன், சுகாதாரக் கந்தோர் முத்திரை மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். தவிசாளர் பக்கம் ஒரு தரம் பார்த்தார். தவிசாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்துவிட்டால் என் தம்பி கதை அத்தோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

அவர் எழுந்து நின்றார்.

"அது குளோரின். தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடுவது. என் கையால்தான் டிஸ்பென்சரிக்குக் கொடுத்தேன். முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னதும் நான்தான்."

சோமாவதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் தமிழில் சொல்லத் திரும்பினேன். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வீரையா தலைவருக்குச் சிங்களம் விளங்கும். அவர்தான் எல்லோருக்கும் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் அம்மா, "என்னாங்கறாரு? என்னாங்கறாரு?" என்று பக்கத்தில் இருந்தவளை இழுத்துக்கொண்டிருந்தார்.

சோமாவதியைத் தொட்டு எழுப்பிய அதே பெரியவர் கேட்டார். "அப்படியென்றால் கிருமி எங்கேயிருந்து வந்தது மாத்தயா? தூள் போட வேண்டிய அளவுக்கு?"

"மேலே போய்ப் பார்க்கலாம்" என்றார் பி.எச்.ஐ.

மூங்கில் பள்ளம்

சின்னத்துரை மழையைச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. ஓடைக் கரையோடு ஏறினோம். முன்னால் பி.எச்.ஐ., பின்னால் கிராமத்து ஆட்கள், எங்கள் ஆட்கள், இடையில் பொலிஸ்காரர்கள். தவிசாளரும் வந்தார். அதை மறைக்கக் கூடாது. வெள்ளைச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார்.

தாங்கி வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாதை. அதற்கு மேலே மூங்கிலுக்குள் பாதையில்லை. அங்கே நாங்கள் யாரும் போவதில்லை. கத்தியால் வெட்டிக்கொண்டு போனார்கள். நாற்றம் முதலில் வந்தது. குப்பை நாற்றம் எங்களுக்குப் பழக்கம்தான். இது வேறு.

பஜார்க் கடைகளின் கக்கூஸ்களை உறிஞ்சி எடுக்கும் பௌசர் வண்டி மேலே ரோட்டோரம் நின்று, குழாயைப் பள்ளத்துக்குள் விட்டுத் திறந்துவிட்டிருந்தது. ஒரு நாள் வேலையில்லை. செடியெல்லாம் கருகி, கறுப்பாக ஒரு தடம் மேலேயிருந்து ஓடை வரை இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் அதைக் கழுவி எங்கள் கண்முன்னாலேயே ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கிராமத்துப் பெண் குனிந்து வாந்தியெடுத்தாள். கமலம் அந்தக் கறுப்புத் தடத்தை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். பிறகு திரும்பி, வந்த வழியே தனியாக இறங்கிப் போய்விட்டாள். நான் கூப்பிட்டேன். அவள் நிற்கவில்லை.

தவிசாளர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். "பௌசர் வேறு இடத்துக்குப் போவதாகத்தான் எனக்குச் சொன்னார்கள்" என்றார். உண்மையா பொய்யா என்று அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பிறகு பழக்கதோஷத்தில் சட்டத்தைப் பற்றி ஏதோ தொடங்கினார். தோட்டக் காணியில் சபை செலவழிப்பதென்றால் என்று.

வீரையா தலைவர் அவரை நடுவில் நிறுத்தினார். இந்த முறை என்னைச் சொல்லச் சொல்லவில்லை, தானே சிங்களத்தில் பேசினார். உடைந்த சிங்களம்தான், ஆனால் எல்லோருக்கும் விளங்கியது.

"ஐயா எங்களுக்குச் செலவழிக்க வேண்டாம். கொட்டாமல் இருந்தால் போதும்."

கிராமத்துப் பெரியவர், "அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்" என்றார். அன்று இரண்டு பக்கமும் சேர்ந்து சொன்ன ஒரே வசனம் அது.

அதன் பிறகு

பி.எச்.ஐ. மறுநாள் காலையில் தானாகவே பொலிஸுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். அதற்குப் பிறகும் சில நாள் இழுத்து, ஒரு வெள்ளிக்கிழமை கனகுவை விட்டார்கள். அவன் பஜாரிலிருந்து நடந்தே வந்தான். இடது கையைத் தூக்க முடியவில்லை. அம்மா அன்று ஜீப்புக்குப் பின்னால் கொண்டு ஓடிய அதே சட்டையைத்தான் மறுபடி பஜாருக்குக் கொண்டுபோயிருந்தார். போட்டுவிட வேண்டியிருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கிரிக்கெட் கேட்பதை விட்டுவிட்டான். தாங்கிப் பக்கம் போக மாட்டேன் என்றுவிட்டான். துரை வேறு ஆளைப் போட்டார்.

பௌசர் நின்றது. டிரக்டரும் நின்றது. பள்ளத்து வாயில் சபை முள்கம்பி அடித்தது. மாதத்துக்கு ஒரு தரம் தண்ணீரைச் சோதித்தார்கள், கொஞ்ச காலத்துக்கு. பி.எச்.ஐ. மாத்தயாவுக்கு அடுத்த வருஷம் எங்கேயோ தூரத்துக்கு மாற்றலாகிவிட்டது. போவதற்கு முன்னால் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து குழந்தைகளுக்கு நகம் வெட்டியிருக்கிறதா என்று வழக்கம்போலப் பார்த்தார். மாற்றலுக்குக் காரணம் அந்தக் கூட்டம்தான் என்று வீரையா தலைவர் சொல்வார். எனக்குத் தெரியாது.

சோமாவதியின் மகள் பிழைத்தாள். தலைமுடியெல்லாம் கொட்டிப் பிறகு முளைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு சோமாவதி ஒரு சாயங்காலம் எங்கள் லயத்துக்கு வந்தாள். சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு பெண் லயத்து வாசலில் வந்து நிற்பது சின்ன விஷயமில்லை. எல்லாக் கதவிலும் ஆள் நின்றது.

"மல்லியைப் பார்க்க வேண்டும்" என்றாள். தம்பியைத்தான் அப்படிச் சொன்னாள்.

கனகு உள்ளே இருந்தான். அவள் குரலைக் கேட்டதும் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ரப்பர் மலைக்குள் போய்விட்டான். அவள் வெகுநேரம் இருந்தாள். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். கொடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன், கொடுத்தார். அடுத்த மாதமும் வந்தாள். அப்போதும் அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

"அவ என்னடா பண்ணுவா? கண்ணால கண்டதச் சொன்னா" என்றேன் ஒரு நாள்.

"தெரியும்க்கா" என்றான். "அவளப் பாத்தா எனக்கு அந்த எடம் ஞாபகம் வருது. அதான்." அவ்வளவுதான் அவன் அதைப் பற்றி எங்களிடம் பேசியது. அடுத்த தைக்குள் கொழும்புக்கு ஒரு கடை வேலைக்குப் போய்விட்டான்.

பக்கத்துத் தோட்டம்

சில வருஷம் கழிந்தது. சண்டை நிறுத்தம் வந்து, பஸ்ஸில் தமிழ் பேசலாம் என்று கொஞ்சம் தைரியம் வந்திருந்த காலம். ஒரு நாள் சோமாவதி என்னைத் தேடிப் பிள்ளைக் காம்பராவுக்கே வந்தாள்.

"பௌசர் எங்கே போகிறது தெரியுமா?" என்று கேட்டாள்.

எங்களுக்கு நின்றது என்பதோடு நான் அதை நினைக்கவில்லை. அவள் நினைத்திருக்கிறாள். மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டம். சின்னத் தோட்டம், கைவிட்ட மாதிரி. அங்கே ஓர் ஓடைக்கு மேலே கொட்டுகிறார்கள். அந்த வழியாகச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது கண்டிருக்கிறாள். லயத்து ஆட்கள் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அந்தத் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, சபை கூடும் நாளில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். பின் வரிசையில் உட்கார வைத்தார்கள். புதுத் தவிசாளர். நேரம் வந்தபோது நான் எழுந்தேன். சோமாவதி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்து பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் பள்ளத்தில் கண்டதை, தவமணி செத்ததை, தன் மகள் பிழைத்ததை. கனகராஜ் என்ற பையனைத் தான் காட்டிக்கொடுத்ததையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். எனக்கு மொழிபெயர்க்க வேண்டிய வேலை இருக்கவில்லை. கூட வந்த பெண்களுக்காக மெதுவாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் என்னால் முடியாமல் போனது.

கவனிப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தோட்டத்தில் பௌசர் நிற்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கும் பல தரம் போக வேண்டியிருந்தது.

முதல் நாள் போய்விட்டு வெளியே வந்தபோது மழை. பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். கூட வந்த பெண்கள் முந்திய பஸ்ஸில் போய்விட்டார்கள். சோமாவதி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மல்லி எப்படி இருக்கிறான்?"

"நன்றாக இருக்கிறான். கல்யாணம் முடித்து இப்போது ஒரு பெண் பிள்ளை."

"பெயர் என்ன?"

"கயல்விழி."

அவள் சொல்லிப் பார்த்தாள். கயல்விலி என்று வந்தது. இல்லை என்று தலையாட்டி, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டினேன். மறுபடி சொன்னாள். சரியாக வரவில்லை. பஸ் வந்து நின்றது. ஏறி, ஈரக் குடையை மடக்கி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.